கல், தீ, நீர்: 'சாபவிமோசனம்', 'அக்கினிப் பிரவேசம்' ஆகியவற்றில் தன்னறிவும் பிறர்நோக்கும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் தம்மைத் தாம் அறிவதும் பிறர் அவரை அறிவதும் முரண்படும் நிலை நவீனத் தமிழ்ப் புனைகதையில் வலுவாக வெளிப்பட்ட இடங்களுள் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்', ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்', அதன் தொடர்ச்சியான 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவை பெரும்பாலும் கற்பு, ஆண் பெண் நீதி ஆகிய கோணங்களிலேயே வாசிக்கப்பட்டு வந்துள்ளன. ஒரு பெண்ணைப் பற்றிய உண்மையை அறியும் உரிமை யாருடையது என்னும் வினாவே இப்புனைவுகளின் மையம் என்பதை அக இலக்கியத்தின் 'அலர்' என்னும் கருத்தின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அகலிகை, அலர், அம்பல், தன்னறிவு, பிறர்நோக்கு, புதுமைப்பித்தன், ஜெயகாந்தன்

முன்னுரை

புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்து, வாசகரிடையே பெரும் விவாதத்தை எழுப்பியது. முன்னது இராமாயணப் பாத்திரங்களை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. பின்னது தலைப்பில் மட்டும் இராமாயணத்தை வைத்துக்கொண்டு சென்னை நகரத்துக் கல்லூரி மாணவி ஒருத்தியைப் பற்றிப் பேசுகிறது. இரண்டிலும் ஒரு பெண்ணின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி நேர்கிறது. அந்நிகழ்ச்சியைக் கதாசிரியர்கள் விரித்துரைப்பதில்லை. நிகழ்ந்த பிறகு அவள் தன்னை என்னவாகக் கருதுகிறாள், அவளைச் சூழ்ந்தவர்கள் என்னவாகக் கருதுகிறார்கள் என்பதிலேயே இரு கதைகளின் எடையும் தங்கியுள்ளது.

இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள், ஆணுக்கு ஒரு நீதி பெண்ணுக்கு ஒரு நீதியா என்னும் வினாவையே முதன்மையாகக் கொண்டுள்ளன. அந்த வினா கதைகளுக்குள்ளேயே உள்ளது. அகலிகை அதை வெளிப்படையாகவே எழுப்புகிறாள். எனவே அவ்வாசிப்பைத் தவறென்று தள்ளுவதற்கில்லை. எனினும் அது கதையின் கடைசிப் பக்கத்தை மட்டுமே விளக்குகிறது. சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்பதற்கு நெடுநாள் முன்னரே, நீதி அனைத்தும் தனக்குச் சார்பாக அமைந்துவிட்ட பின்னரும், அகலிகை ஏன் துன்புறுகிறாள் என்பதற்கு அவ்வாசிப்பில் விடையில்லை. இக்கட்டுரை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

அலரும் அதன் வேலையும்

ஒருவரைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்பதைத் தமிழ் இலக்கண மரபு ஒரு துறையாகவே வகுத்துள்ளது. வாய்க்குள் முணுமுணுக்கப்படுவது அம்பல்; வெளிப்படப் பேசப்படுவது அலர். மொட்டுக்கும் மலர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு இவற்றுக்கிடையே உண்டென்று உரைகள் விளக்குகின்றன. களவொழுக்கத்தை வெளிப்படுத்துவன அம்பலும் அலரும் என்று கூறும் தொல்காப்பியம், அவற்றுக்கு முதற்காரணமாக அமைபவன் தலைவனே என்றும் கூறுகிறது. இந்நூற்பா போதிய கவனம் பெறாதது. அலருக்குக் காரணன் தலைவன். ஆனால் அதனைச் சுமப்பவள் தலைவி. இற்செறிப்பு அவளுக்கு, அன்னையின் சினமும் அவளுக்கே. காரணமும் சுமையும் வெவ்வேறு ஆட்களிடம் இருப்பதை இலக்கணமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

எனினும் அக மரபில் அலர் வெறும் பழிச்சொல்லாக நின்றுவிடுவதில்லை. அதற்கொரு வேலை உண்டு. அலர் எழுவதால் தலைவன் வரைவுக்கு விரைகிறான். தோழி அதனைக் கருவியாக்கி அவனை வற்புறுத்துகிறாள். ஊராரின் பேச்சு காதலுக்கு எருவாகிறது என்னும் கருத்தைத் திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரத்திலும் காணலாம். அதாவது, பிறர்நோக்கு அக இலக்கியத்தில் ஓர் இடைநிலை. களவு கற்பாக மாறியதும் அலர் தன் வேலையை முடித்துக்கொண்டு மறைகிறது. தலைவி தன் நெஞ்சறிந்த உறவையே இறுதியில் ஊரும் அறிகிறது. தன்னறிவும் பிறரறிவும் ஒரு புள்ளியில் வந்து சேர்கின்றன.

அவ்வாறு சேராமற்போனால் என்ன ஆகும்? வரைவு என்னும் முடிவுக்கு வழியில்லாத ஓர் அலரை எத்தனை காலம் ஒருத்தி சுமக்க முடியும்? அகப்பாடல்கள் இவ்வினாவை நீளத் தொடர்வதில்லை. புதுமைப்பித்தனும் ஜெயகாந்தனும் இதனைத்தான் எடுத்துக்கொள்கின்றனர்.

காணப்படாமையும் கல்லாதலும்

அகலிகைக்குக் கிடைத்த சாபம் என்ன என்பதில் வான்மீகியும் கம்பரும் வேறுபடுகின்றனர். வான்மீகியின் பாலகாண்டத்தில் அவள் கல்லாவதில்லை. எவ்வுயிருக்கும் புலப்படாதவளாக, காற்றையே உணவாகக் கொண்டு சாம்பலில் கிடக்குமாறு சபிக்கப்படுகிறாள். கம்பரிடத்தில் அவள் கல்லாகிறாள். முன்னதில் தண்டனை பிறர் கண்ணிலிருந்து நீக்கப்படுவது. விமோசனம் மீண்டும் காணப்படுவது. பின்னதில் அவள் காணப்படலாம். ஆனால் அவளால் காண இயலாது. எவரும் பார்க்கத்தக்க, ஆனால் திரும்பிப் பார்க்க இயலாத பொருளாகிறாள்.

கம்பரிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. வந்தவன் கணவன் அல்லன் என்பதை அவள் இடையில் உணர்ந்தாள், உணர்ந்தும் விலகவில்லை என்று கவிக்கூற்று கூறுகிறது. பின்னர் விசுவாமித்திரரோ அவள் நெஞ்சில் பிழையில்லை என்று கோதமரிடம் எடுத்துரைத்து ஏற்கச் செய்கிறார். இவ்விரண்டுக்கும் அமைதி காண முயன்றவர்கள் உண்டு. இக்கட்டுரைக்கு வேண்டுவது அந்த அமைதியன்று. அவளுடைய நெஞ்சில் இருந்தது என்ன என்பதைக் கவிஞரும் முனிவரும் சொல்கின்றனர், அவள் சொல்வதில்லை. அவளுக்காகச் சாட்சி கூறுவோர் பலர், ஆனால் சாட்சிக் கூண்டில் அவள் மட்டும் இல்லை.

புதுமைப்பித்தன் இக்கதையை இருமுறை எழுதினார். முதலில் எழுதிய 'அகல்யை' என்னும் சிறுகதையில் கணவனின் புரிதலோடு சிக்கல் முடிந்துவிடுகிறது. கோதமன் அறிவு முதிர்ந்தவனாகவும் மன்னிப்பவனாகவும் இருக்கிறான். அதற்குமேல் சொல்ல எதுவுமில்லை என்று கதை நின்றுவிடுகிறது. அன்பும் அறிவும் உள்ள ஒரு பார்வை போதும் என்று இளம் புதுமைப்பித்தன் நம்பியிருக்கக்கூடும். 'சாபவிமோசனம்' அந்த நம்பிக்கையைத் தானே திருத்திக்கொண்ட கதை.

பரிவும் ஒரு பார்வையே

'சாபவிமோசன'த்தில் அகலிகையைச் சுற்றி இருப்பவர்களுள் பெரும்பாலோர் நல்லவர்கள். இராமன் அவள் காலில் விழுந்து வணங்குகிறான். விசுவாமித்திரர் அவளைப் போற்றுகிறார். கோதமன் சாபமிட்ட தன் அவசரத்துக்காகத் தன்னையே நொந்துகொள்கிறான். அவளைக் கண்டு விலகி ஓடும் ரிஷிபத்தினிகளும் கதையில் உண்டு. அக்காட்சி வாசகரின் சினத்தைத் தூண்டுவது. ஆகவே பலரும் அதனையே மேற்கோளாக எடுத்துக்காட்டுகின்றனர். ஆனால் கதையின் நுட்பம் வேறிடத்தில் உள்ளது. குடிலுக்கு வந்துபோகும் முனிவர்கள் கனிவோடுதான் வருகிறார்கள். அப்போதும் அவள் உடல் குன்றிப்போகிறது, மனம் கூம்பிவிடுகிறது. கணவன் இயல்பாகச் சொல்லும் ஒரு சொல்லுக்கும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று அவள் பதைக்கிறாள். வெளியிலிருந்து வந்த பழியைக்காட்டிலும், வராத பழியை எதிர்பார்த்துக் கிடப்பதே அவள் வாழ்வை நரகமாக்குகிறது.

ஒருவரைப் பற்றிப் பிறர் நினைப்பதாக அவர் கற்பனை செய்துகொள்வதே அவருடைய தன்னுணர்வை வடிக்கிறது என்று சார்லஸ் கூலி 1902இல் விளக்கினார். கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோலப் பிறர் மனத்தில் நம்மைப் பார்த்துக்கொள்கிறோம் என்பது அவருடைய உவமை. அதில் பலரும் கவனியாமல் விடும் பகுதி கற்பனை என்பதுதான். பிறர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது நமக்கு எட்டுவதில்லை. எட்டுவது அவர் நினைப்பதாக நாம் நினைப்பது. அகலிகையின் துன்பம் இந்த இடைவெளியில் விளைவது. பிறர் மன்னித்துவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மன்னிப்பதற்கே அவர்கள் முதலில் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். பரிவுடைய பார்வையும், பரிவுக்குரியவளாக அவளைப் பார்க்கிறது. 'அகல்யை' கதையில் தீர்வாக நின்ற மன்னிப்பு இக்கதையில் நோயின் ஒரு பகுதியாகிறது.

கதையின் நடுப்பகுதியில் தலயாத்திரையும் கைகேயி, பரதன் ஆகியோரைப் பற்றிய செய்திகளும் சற்று நீண்டு, இறுக்கம் தளர்ந்து காணப்படுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சிறுகதை வடிவத்துக்குள் பதினான்கு ஆண்டுகளைக் கடத்தியாக வேண்டிய நெருக்கடி அதில் தெரிகிறது. ஆனால் இறுதிக் காட்சி அத்தளர்ச்சியை முற்றிலும் ஈடுசெய்துவிடுகிறது.

வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளித்த செய்தியை அகலிகையிடம் தெரிவிக்கிறாள். இராமனா அதைக் கேட்டான் என்பதே அகலிகையின் முதல் அதிர்ச்சி. உலகுக்கு மெய்ப்பிக்க வேண்டாமா என்னும் பொருள்பட, சிரித்துக்கொண்டே விடை கூறுகிறாள் சீதை. வான்மீகியின் யுத்தகாண்டத்திலும், சீதையின் தூய்மையைத் தான் அறிந்திருந்ததாகவும் உலகத்தின் பொருட்டே தீக்குளிப்பைத் தடுக்கவில்லை என்றும் இராமன் கூறுகிறான். புதுமைப்பித்தன் அக்கூற்றைச் சீதையின் வாயில் வைத்துவிட்டார். இம்மாற்றம் மிக முதன்மையானது. பிறர்நோக்கை இங்கே எடுத்துரைப்பவன் அரசன் அல்லன். அதற்கு ஆளான பெண்ணே அதனைத் தன் நியாயமாக ஏற்றுப் பேசுகிறாள். உள்ளம் அறிந்த உண்மை போதாதா, உலகுக்கு மெய்ப்பித்தால்தான் அது உண்மையாகுமா என்பது அகலிகையின் மறுவினா. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் நெஞ்சையே சாட்சியாக்கினார். அந்தச் சாட்சிக்கு வழக்குமன்றத்தில் இடமில்லை என்பதை இராமனின் செயல் காட்டிவிட்டது.

இராமன் அகலிகைக்கு வெறும் விமோசனம் தந்தவன் மட்டுமல்லன். அவளை அவளாகவே கண்ட ஒரே பார்வை அவனுடையது என்று அவள் நம்பியிருந்தாள். அப்பார்வையும் உலகத்தின் கண்ணை இரவல் வாங்கியது என்று தெரிந்தபின் அவளுக்குத் திரும்புவதற்கு எந்தக் கண்ணும் மிஞ்சவில்லை. பரிவோடு நெருங்கும் கோதமன் அவளுக்கு இந்திரனாகத் தோன்றுகிறான். தொடக்கத்தில் இந்திரன் கணவனாகத் தோன்றினான்; முடிவில் கணவன் இந்திரனாகத் தோன்றுகிறான். நெடுங்காலம் பார்வைக்குள்ளாகி நின்ற ஒருத்தி, பிறரை உள்ளபடி பார்க்கும் ஆற்றலையே இழந்துவிடுகிறாள். தன்னோக்கு சிதைந்தால் பிறரைக் காணும் நோக்கும் உடன் சிதையும் என்பதைத் தமிழ்ச் சிறுகதை இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

'சாபவிமோசனம்' வெளிவந்த அதே 1943இல் பாரிசில் சார்த்தரின் 'இருத்தலும் இன்மையும்' வெளியானது. பிறரின் பார்வை ஒருவரைப் பொருளாக்கிவிடுகிறது என்று வாதிடும் அந்நூல், பார்த்தவரைக் கல்லாக்கும் மெதூசா தொன்மத்தையும் அதற்குச் சான்றாகக் குறிப்பிடுகிறது. இரண்டுக்கும் எத்தொடர்பும் இல்லை. இது காலத்தின் தற்செயல் மட்டுமே. ஒப்பிடும்போது வேறுபாடுதான் மேலோங்கித் தெரிகிறது. சார்த்தரிடத்தில் கல்லாக்குவது பார்வை. அகலிகையின் முதற்கல்லுக்கு அது பொருந்தலாம். இரண்டாம் கல்லுக்குப் பொருந்தாது. இரண்டாம் முறை அவளைச் சபித்தவர் எவருமில்லை. பார்வையின் விளைவாக மட்டுமன்றி, பார்வையிலிருந்து புகலிடமாகவும் அவள் கல்லைத் தேர்கிறாள். மனச்சுமை அங்கேதான் இறங்குகிறது. தலைப்பில் உள்ள விமோசனம் எது என்னும் வினாவுக்கு இதையே விடையாகக் கொள்ளலாம்: சாபம் நீங்கியது அவள் பெண்ணானபோதா, மீண்டும் கல்லானபோதா?

அண்டை வீட்டாரின் கேள்வி

எல்லோரும் அறிந்து, பலரும் மன்னித்தும் உய்வில்லை என்று புதுமைப்பித்தன் காட்டினார். ஒருவரும் அறியாமலே இருந்தால் என்ன என்பது ஜெயகாந்தன் எடுத்துக்கொண்ட எதிர்நிலை. 'அக்கினிப் பிரவேச'த்தின் தாய் கைம்பெண். மழையில் நனைந்து, நிகழ்ந்ததைத் தாங்கமுடியாமல் வீடு திரும்பும் மகள் தாயிடம் அதனைச் சொல்லிவிடுகிறாள். தாயின் முதல் எதிர்வினை அடிதான். அலறல் கேட்டு, உடன் குடியிருப்பவர்கள் என்னவென்று கேட்கிறார்கள். அக்கேள்வி வந்த கணத்தில் தாய் தன்னைச் சேர்த்துப்பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்து வந்துவிட்டாள் என்பதுபோல ஏதோ ஒரு விடை சொல்லி அவர்களை அனுப்பிவிடுகிறாள்.

இச்சிறு இடம்தான் கதையின் அச்சு என்பது என் கருத்து. பின்வரும் குளியல் காட்சியே அனைவராலும் பேசப்பட்டது. தலைப்பும் அதனையே சுட்டுகிறது. ஆனால் தாய் மகளின் தலையில் நீர் ஊற்றுவதற்கு முன்பே, அண்டை வீட்டாரிடம் அவள் சொன்ன பொய்யில் மகள் காப்பாற்றப்பட்டுவிட்டாள். அம்பல் எழும்பும் முன்னரே அதன் வாய் அடைக்கப்பட்டது. அத்தாய் பண்டிதை அல்லள், தருமநூல்களோடு வாதாடவில்லை. ஊர் ஒன்றை அறிந்துவிட்டால் மகள் தன்னைப் பற்றி அறிந்திருப்பதற்கு விலையில்லாமற் போகும் என்பதை வாழ்ந்த வாழ்வால் உணர்ந்தவள். இச்செய்தி தங்கள் இருவரோடு நின்றுவிட வேண்டும் என்று அவள் தீர்மானிப்பது அதனால்தான்.

நீரூற்றுதலைத் தீக்குளித்தலாக மாற்றியது ஜெயகாந்தனின் துணிவு. சீதையின் தீ ஊரறிய மூட்டப்பட்டது. இங்கே நீர் கதவடைத்த குளியலறையில் ஊற்றப்படுகிறது. ஊர் காணாத சோதனை ஊருக்கு மெய்ப்பிப்பதாக இருக்க முடியாது. எனவே இச்சடங்கின் பார்வையாளர் மகள் ஒருத்தியே. அவளுக்கு அவளை மீட்டுத் தருவதே அதன் நோக்கம். இவ்வளவில் கதை தன் இராமாயண மூலத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க இயலாது. கழுவுதல் என்றாலே அழுக்கு இருந்ததாகிறது. மனத்தில் அழுக்கில்லை என்று தாய் சொல்லும்போதே அவள் கை உடலைக் கழுவிக்கொண்டிருக்கிறது. சொல்லும் செயலும் இங்கு ஒத்துப்போகவில்லை. தாய்க்கு அது புலப்படாதது இயல்பு. கதாசிரியர்க்கும் புலப்படவில்லையோ என்னும் ஐயம் எழுகிறது. பிறர் அறியாமற் காத்த தாய், பிறர் வைத்திருக்கும் தூய்மைக் கணக்கைத் தன் கையில் வைத்துக்கொண்டே மகளை அணுகுகிறாள். ஊர் வாசலில் நிறுத்தப்பட்டது உண்மை. ஆனால் அதன் அளவுகோல் முன்பே வீட்டுக்குள் இருந்தது.

கங்கையின் குரல்

இதே நிகழ்ச்சியில் தாய் வேறுவிதமாக நடந்திருந்தால் என்னும் எண்ணத்தின் மீது கட்டப்பட்டது 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்னும் பெயரில் தொடராக வந்து, 1970இல் நூலுருப் பெற்று, 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற நாவல் இது. இங்கே தாய் கனகம் கூச்சலிட்டுவிடுகிறாள். அண்டை அயலார் அறிகின்றனர். அண்ணன் கணேசன் கங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். மாமா வெங்கட்ராம ஐயரின் ஆதரவில் படித்து அவள் நல்ல பதவிக்கு வருகிறாள். அந்த மாமாவோ ஊருக்குத் தரும விளக்கம் கூறும் பெரிய மனிதர். தனிமையில் அவளை வேறு கண்ணால் பார்ப்பவர்.

சிறுகதை படர்க்கையில் சொல்லப்பட்டது. அதன் நாயகிக்குப் பெயர்கூட இல்லை. நாவலில் அவளுக்குப் பெயர் வருகிறது. தன்மையில் பேசும் குரலும் வருகிறது. இதனை முன்னேற்றமாகக் கொள்ளத் தோன்றும். உற்றுநோக்கினால் அவ்வளவு எளிதாக அப்படிச் சொல்லிவிட முடியாது. கங்கையின் குரல் கூர்மையானது, எள்ளல் நிறைந்தது, எவரையும் ஊடுருவிப் பார்ப்பது. ஆனால் அக்குரல் பெரும்பாலும் பிறருடைய பார்வைகளுக்கு விடையிறுத்துக்கொண்டே இருக்கிறது: அண்ணன் என்ன நினைப்பான், மாமா என்ன சொல்வார், அலுவலகத்தில் என்ன பேசிக்கொள்வார்கள். தன்மைக் கூற்றாக இருந்தும் அவள் பேச்சில் 'அவர்கள்' குடியிருக்கிறார்கள். அகலிகை அஞ்சி அடங்கியதும் கங்கை எதிர்த்து நிமிர்வதும் தோற்றத்தில் எதிரெதிரானவை. இருவரும் கேட்பது ஒரே குரலைத்தான்.

அவளைக் கெடுத்தவனை அவளால் கண்டுபிடிக்க முடியுமா, கண்டாலும் அவன் மணப்பானா, அவள் யாருக்கேனும் வைப்பாக இருக்கலாமேயன்றி மனைவியாக முடியாது என்னும் போக்கிலான மாமாவின் பேச்சு கங்கைக்குள் தைத்துவிடுகிறது. அவள் அவனைத் தேடிக் கண்டடைகிறாள். பிரபு மனைவி மக்களுடையவன், பணமிருந்தும் மதிப்பற்றவன். அவர்களுக்கிடையே வளர்வது ஒருவகை நட்பு, உடலுறவு இல்லை. ஆயினும் ஊர் அவளை அவனுடைய வைப்பு என்று சொல்கிறது. அதனை அவள் மறுக்காதது மட்டுமன்றி, விரும்பி ஏற்கிறாள்.

இவ்வேற்பைக் கலகம் என்று போற்றியவர்களும் உண்டு, சரண் என்று இகழ்ந்தவர்களும் உண்டு. அலர் மரபை மனத்திற்கொண்டு நோக்கினால் மூன்றாவது ஒரு பொருள் கிடைக்கிறது. அகத்தலைவி அலரைக் கருவியாகக் கொண்டு உறவை நிலைப்படுத்தினாள். அலர் உண்மையான உறவொன்றைச் சுட்டியது, முடிவில் அதனோடு பொருந்தியது. கங்கையிடத்தில் அலர் மட்டும் இருக்கிறது. அது சுட்டும் உறவு இல்லை. இல்லாத உறவின் பெயரை அணிந்துகொண்டால் மாமாவின் கண்ணிலிருந்தும் பிற ஆண்களின் கண்ணிலிருந்தும் காப்புக் கிடைக்கும் என்று அவள் கணக்கிடுகிறாள். ஓரளவுக்குக் கிடைக்கவும் செய்கிறது. பழிச்சொல்லைக் கூரையாக வேய்ந்துகொண்டு அதன்கீழ் அவள் குடியிருக்கிறாள். அகலிகைக்குக் கல் எதுவோ, கங்கைக்கு இப்பெயர் அது. நாவலின் முடிவில் அவள் குடிப்பழக்கத்துக்கு ஆளாகிச் சிதைவதைப் பல வாசகர்கள் செயற்கையென்று குறைகூறுவதுண்டு. பெயரை அணிந்தவள் மெல்ல அப்பெயருக்கு ஊர் வைத்திருக்கும் நடத்தையையும் அணியத் தொடங்குகிறாள் என்று கொண்டால் அம்முடிவு அவ்வளவு செயற்கையாகத் தோன்றவில்லை.

தொல்காப்பியம் அலருக்கு முதல்வன் தலைவன் என்றது. பிரபுவின் பெயர் ஊரார் வாயில் எத்தனை முறை வருகிறது, கங்கையின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று நாவலை வாசிப்போர் எண்ணிப் பார்க்கலாம்.

வாசகரும் ஆய்வாளரும்

நாவலுக்குள் ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் வருகிறார். அவர் எழுதியதாகவே 'அக்கினிப் பிரவேசம்' அங்கு இடம்பெறுகிறது. கங்கை அதனைப் படிக்கிறாள். தன் வாழ்வில் நடந்தது அப்படியே அச்சில் இருக்கிறது. முடிவு மட்டும் வேறு. கதையில் தாய் நீரூற்றுகிறாள். கங்கையின் தாய் ஊரைக் கூட்டினாள். தமிழ் நாவலில் ஒரு பாத்திரம் தன்னைப் பிறர் எழுத்தில் கண்டு திகைக்கும் காட்சிகளுள் இது நினைவில் நிற்பது. அவளைத் திகைக்கச் செய்வது தன் மறைவு வெளிப்பட்டது என்பதைவிட, தன்னை வேறுவிதமாகவும் பார்த்திருக்க முடியும் என்னும் அறிவு. அதுவரை ஊரின் கண் ஒன்றே தனக்குரிய கண்ணாடி என்று இருந்தவளுக்கு இன்னொரு கண்ணாடி காட்டப்படுகிறது, காலம் கடந்தபின்.

சிறுகதை வெளிவந்தபோது எழுந்த விவாதத்தையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பெண் காரில் ஏறியது சரியா, அவள் முழுதும் மறுத்தாளா, தாய் அவளை ஏற்றது தகுமா என்றெல்லாம் வாசகர்கள் வழக்காடினர். கதைக்குள் தாய் எந்தக் கேள்வியை வாசலோடு திருப்பி அனுப்பினாளோ, அதே கேள்வியைக் கதைக்கு வெளியே வாசகர் கூட்டம் கேட்டது. அண்டை வீட்டாரிடம் அவள் பொய் சொல்லித் தப்பினாள். வாசகரிடம் தப்ப வழியில்லை, ஏனெனில் நமக்கு எல்லாம் தெரியும்.

ஆய்வுலகத்தின் நிலையும் இதிலிருந்து அதிகம் விலகியதன்று. 'கற்பிழந்த பெண் பாத்திரங்கள்', 'நெறி பிறழ்ந்த மகளிர்' ஆகிய தலைப்புகளின்கீழ் அகலிகையையும் கங்கையையும் வரிசைப்படுத்தும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழக நூலகங்களில் அரியன அல்ல. அவற்றுள் பெரும்பாலானவை பரிவோடுதான் எழுதப்பட்டுள்ளன. குடிலுக்கு வந்த முனிவர்களும் கனிவோடுதான் வந்தார்கள். பகுப்பின் பெயரே ஊரின் சொல்லாக இருக்கும்போது, அதன்கீழ் எழுதப்படும் பரிவு எத்தனை பக்கம் நீண்டாலும் அப்பெயரை மாற்றுவதில்லை. மாணவர்களோடு இக்கதைகளை அடுத்தடுத்து வாசித்த வகுப்பொன்றில், "இவர்களைப் பற்றி எழுதும்போது என்ன பெயர் வைப்பது?" என்று கேட்கப்பட்டபோது என்னிடம் உடனடியான விடை இல்லை. பாத்திரங்களின் பெயரையே வைக்கலாம் என்று சொன்னேன். சிறுகதைப் பெண்ணுக்குத்தான் பெயரில்லையே என்றார் இன்னொருவர்.

அவர் சொன்னது சரி. 'அக்கினிப் பிரவேச'த்தின் பெண்ணையும் கங்கை என்றே எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. என் முந்தைய குறிப்புகளிலும் அப்படியே எழுதியிருந்தேன். நாவல் வந்தபின் அப்பெயர் பின்னோக்கிச் சென்று சிறுகதைக்குள் ஒட்டிக்கொண்டது. ஆனால் கங்கை என்பது தாயின் கூச்சலை ஊர் கேட்டபின் வாழ நேர்ந்தவளின் பெயர். சிறுகதையில் நீராடி எழுந்தவள் வேறொருத்தி. அவளைப் பற்றி ஊருக்கு எதுவும் தெரியாது.